பெட்டிக்குக் கைதட்டியவர்கள்

சுங்குவார்சத்திரத்தில் யாரும் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார்கள். "இன்னா கம்பெனி?" என்பார்கள். நம் பக்கத்தில் யார் மகன், எந்தத் தெரு என்று குடைந்தெடுத்துவிட்டுத்தான் டீயே கொடுப்பார்கள். இங்கே கழுத்தில் தொங்கும் அட்டை போதும். தூத்துக்குடியிலிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம்தான், ஆனாலும் வேறு நாடுதான் இது. நானும் சகாயமும் ஒரே ஊர், இங்கே ஒரே அறை. ஒரகடத்தில் அவன் தொழிற்சாலை லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் அதே கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் அவன் மகளுக்கு ஞானஸ்நானம். பிறந்ததிலிருந்து பிள்ளையை அவன் பார்த்ததில்லை. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏற டிக்கெட் எடுத்து வைத்திருந்தான்.

லைனில் செய்யும் பாகங்களின் வரைபடங்கள் கடல் தாண்டி, தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும். வரும், ஆடி அசைந்து. அதற்காக இரண்டு முனையிலும் வேகப்படுத்தும் பெட்டி ஒவ்வொன்றை வாங்கி மாட்டினார்கள். விற்றவர் டை கட்டிக்கொண்டு வந்து ஒரு ஃபைலை வரவழைத்துக் காட்டினார், நேரமானது. அதே ஃபைலை மறுபடியும் வரவழைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அறையே கைதட்டியது. முதல் தடவை வந்ததைப் பெட்டி தன்னிடமே சேர்த்துவைத்து எடுத்துக் கொடுக்கிறது என்று அந்த மேதைகள் ஒருவருக்கும் தோன்றவில்லை. புது ஃபைல் எப்போதும்போல நொண்டியது. காரணம் டி.சி.பி., அதாவது கம்ப்யூட்டர்கள் ஃபைல் அனுப்பிக்கொள்ளும் முறை. அது கொஞ்சம் அனுப்பும், வந்து சேர்ந்ததாகப் பதில் வரும்வரை சும்மா நிற்கும், பிறகு கொஞ்சம் அனுப்பும். பதில் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவைப் பெட்டிகளில், ஏதோ பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்புவதுபோலச் சின்னதாக வைத்திருந்தார்கள். அதைக் கூட்டவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

"ஓடிகினு இருக்கறத ஏன்பா நோண்டற?" என்றார் ஐ.டி. மேனேஜர். தலைமை அலுவலகத்துக்காரரிடம் போனில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னும் பெரிய இன்டர்நெட் லைன் வாங்கித் தருவதாகச் சொன்னார். நிற்கிற வண்டிக்கு எட்டுவழிச் சாலை போட்டுத் தரும் தாராள மனசு! மேனேஜர் மனம் நெகிழ்ந்து நன்றி சொன்னார்.

சனிக்கிழமை ஷிஃப்ட் தொடங்கியும் புது மாடலின் வரைபடம் வந்து சேரவில்லை. லைன் நின்றது. ஆட்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு ஈடாக ஞாயிறு வேலை நாள் என்றார்கள். சகாயம் சூப்பர்வைசரிடம் போய் நின்றான்.

"சார், புள்ளைக்கு ஞானஸ்நானம். நான் இல்லாம எப்படி சார்?"

"அல்லாரு வூட்லயும் இன்னாவோ ஒண்ணு கீது. நாளைக்கு வரலன்னா திங்கக்கெயமயும் வராத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைன் நின்றதும் பெரியவர்களுக்குத் திடீரென்று காது கேட்க ஆரம்பித்திருந்தது. அன்று மாலையே இரண்டு பெட்டியிலும் நான் கெஞ்சிய அளவைக் கூட்டினார்கள். புது ஃபைல் டீ ஆறுவதற்குள் வந்தது. "பாத்தியா, பொட்டி வாங்கனது வேஸ்ட் ஆவல" என்று மேனேஜர் என் முதுகில் தட்டினார். அப்படியானால் ஞாயிறு வேலையை ரத்து செய்யலாமே என்றேன். போன ஷிஃப்ட் போனதுதானாம். கம்பெனி வேலை என்று ஊரில் பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஞாயிறு மதியம் ஷிஃப்ட் முடிந்து, கேட்டில் ஒப்படைத்திருந்த போனைச் சகாயம் வாங்கினான். படம் வந்திருந்தது. கோயில் வாசலில் அவன் தம்பி, இந்த நாளுக்கென்று சகாயம் தனக்கு எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். கேட் காவலாளி எட்டிப் பார்த்தார்.

"கொயந்த சூப்பரா கீதுபா. தூக்கிகினு கீறவருதான் அப்பாவா?"

சகாயம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாண்ணே" என்றான்.