மட்டியின் மேல் ஏழு கோடு

சீனியம்மாள் சட்டி மூடியைத் திறந்தபோது மட்டிச் சிப்பிகள் எல்லாம் வாய் பிளந்திருந்தன. எண்ணிப் பார்த்தாள். மூடிக் கிடந்தது ஒன்றுகூட இல்லை. வெந்த பிறகும் மூடிக் கிடப்பதுதான் ஆகாதது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஆத்தா, வாசம் இழுக்குது. ஆச்சா இல்லையா?" மகள் நதியா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். வயிற்றில் ஆறு மாதம்.

"இரு தாயி. மூணு நாளா இதையேதான் திங்கிறே. புள்ள ஓட்டோட பொறக்கப் போகுது."

"பொறக்கட்டும். கம்பெனிக்குப் போகாம கடலுக்குப் போவான்."

சீனியம்மாள் சிரித்துக்கொண்டே தட்டில் வைத்தாள்.

தொண்டிப் பக்கத்திலிருந்து முதலிபாளையத்துக்கு வந்து பதினோரு வருடம். கணவன் ராக்கையா நாலாவது வருடமே போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து, தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் பாட்டில் கழுவும் வேலை. ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், சாயப்பட்டறைக் கழிவு என்று எல்லாம் இருந்து போன பாட்டில்கள். ஆசிட் விட்டு அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை. பழசு ஒரு சொட்டுத் தங்கினாலும் அடுத்த ரிப்போர்ட் பொய்யாகிவிடும். ஏழு வருடத்தில் அவள் கழுவியதைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை.

நொய்யல் அவளுக்கு ஆறாகத் தெரிந்ததே இல்லை. காலையில் ஊதா, மத்தியானம் சிவப்பு. பட்டறையில் அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறம். அந்த வருட ஐப்பசியில்தான் பெருவெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. வடிந்த பிறகு அடியில் கூழாங்கல் தெரிந்தது. ஏழாயிரம் இருந்த உப்பளவு அறுநூறுக்கு இறங்கிவிட்டது என்று லேபில் பேசிக்கொண்டதை அவள் காதால் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்குக் கீழே குட்டையில் கால் நனைத்தபோது பெருவிரலில் மட்டி ஓடு இடறியது.

கடல் நிறம் மாறினால் மட்டியைத் தொடக் கூடாது. தெளிந்து ஒரு மாதம் விட்டு எடுக்கலாம். அவள் ஊர் வழக்கம் அது, தப்பியதே இல்லை. விரல்விட்டு எண்ணினாள். ஆறு தெளிந்து முப்பத்து நான்கு நாள். நதியாவுக்கு மசக்கை தொடங்கியதிலிருந்தே மட்டி ஆசை. கூடை நிறைய அள்ளினாள். மூன்று நாள் ஆக்கிப் போட்டாள்.

நாலாம் நாள் சாப்பாட்டு வேளையில் லேபில் சோதனை செய்யும் பெண் கீதாஞ்சலி டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, நத்தையா இது? அய்யோ சாமி."

"மட்டி. மூலத்துக்கு நத்தை திங்கிற ஊரு, மட்டிக்கு மூஞ்சி சுளிக்குது பாரு."

"அது மருந்துங்க. இத எங்கீங்க புடிச்சீங்க?"

"பாலத்தடியில."

கீதாஞ்சலியின் சிரிப்பு நின்றது.

"தண்ணி நல்லாருக்குன்னு நீங்கள்லாம்தானே பேசிக்கிட்டீங்க?"

"தண்ணி நல்லாத்தானுங்க இருக்குது. உசுரோட நாலு கொண்டாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இதச் சாப்புட வேண்டாங்க்கா."

மறுநாள் நாலு மட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உடம்புக்குச் சூடு என்று ஏதோ சொல்லி வீட்டில் மட்டி ஆக்குவதை நிறுத்தினாள். நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஈயம், குரோமியம். தண்ணீரில் இல்லாதது மட்டியில் இருந்தது, பல மடங்கு.

"நாள் பூரா தண்ணிய இழுத்து வடிச்சுத்தான் அது வயித்த நெரப்புதுங்க. தண்ணி போயிருது. இது உள்ள நின்னுக்குது."

"கடல்ல ஒரு மாசத்துல போயிருமே?"

"அது கடல் பாசியோட வெசமுங்க்கா, போயிரும். இது அப்படிப் போகாதுங்க. வெந்தாலும் போகாது."

"வயித்துப் புள்ளைக்கு?"

கீதாஞ்சலி ரிப்போர்ட்டை மடித்தாள். "நான் தண்ணியப் பத்தித்தானுங்க படிச்சேன்."

சீனியம்மாள் மேஜையிலிருந்த காலி ஓட்டை எடுத்து நகத்தால் தடவினாள். வருடத்துக்கு ஒரு கோடு. ஏழு கோடு இருந்தது. பாட்டில்களிலிருந்து அவள் அலசிக் கொட்டிய ஏழு வருடமும் அங்கே இருந்தது.

வீட்டில் மீதி மட்டிகள் பேசினில் கிடந்தன. காலையில் குழாயில் வந்த கலங்கல் தண்ணீரைத்தான் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். இப்போது அது கண்ணாடியாக இருந்தது. எல்லாம் லேசாக வாய் திறந்து இழுத்துக்கொண்டிருந்தன. அவள் நிழல் விழுந்ததும் ஒன்றாக மூடிக்கொண்டன.

"ஆத்தா, இன்னைக்காவது ஆக்கிக் குடு. உள்ள ஒதைக்கிறான்."

சீனியம்மாள் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். மூன்றாவது முறையும் கழுவிவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

நதியா முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள்.

"எத்தனை தின்னேன்?"

"நாளைக்கு இருபது. எண்ணித்தான் வச்சேன்."

"அவன் எத்தனை?"

சீனியம்மாள் பேசினிலிருந்த மட்டிகளைத் தூக்குவாளியில் அள்ளினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகளோடு எட்டரை பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மடியில் மீதி மட்டி இருந்த தூக்குவாளி. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, இனிமேல் சாப்பிட வேண்டாம் என்றார். ரத்தத்தில் ஈயம் பார்க்க அங்கே வசதி இல்லை. கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார். குழந்தையின் துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு. முப்பது சத்து மாத்திரை கொடுத்தார்கள். நதியாவை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு மணிக்கு லேபுக்குப் போனாள். தூக்குவாளியைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கீதாஞ்சலியிடம் கொடுத்தாள். நாற்பத்தாறு பாட்டில் சேர்ந்திருந்தது. மூன்று முறை அலசிக் கவிழ்த்து வைத்தாள்.