நாலு காலும் மேலே நின்ற குதிரை

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவுக்கு ஓர் ஆசை இருந்தது. ஓடுகிற குதிரைக்கு ஏதோ ஒரு நொடியில் நாலு காலும் தரையை விட்டு மேலே நிற்குமாம். அந்த நொடியைத் தன் கேமராவில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். வீடு வேண்டும், நிலம் வேண்டும் என்றெல்லாம் அவர் ஆசைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாங்கள் அப்போது சாந்தோமில் குடியிருந்தோம். என் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். யுத்தம் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்; பிலிம் மட்டும் திரும்பவில்லை. எங்கேயாவது ஒரு சுருள் அகப்பட்டால் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் அப்பா. இன்னொருவர், லஸ் பக்கம் ஒரு சந்தில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்த பாய். மூன்றாமவர் மாட வீதியிலிருந்து வரும் வக்கீல் குமாஸ்தா. எடுத்த மட்டும் இருட்டில் வெட்டி, அவர் வீட்டுக் குளியலறையில்தான் பிலிமைக் கழுவுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் யாருக்கும் நேரத்துக்குக் குளியல் கிடையாது என்று கேள்வி.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பாய் கடையின் பின்கட்டில் மூவரும் கூடுவார்கள். கழுவி வந்த படங்களை மேசையில் பரப்பிவிட்டால், அப்புறம் தாட்சண்யமே கிடையாது. ஒருவர் படத்தை மற்ற இருவரும் குடைந்து எடுத்துவிடுவார்கள். மூவருக்கும் அசைகிற பிராணிகள்மேல்தான் பைத்தியம். "மனுசன் நில்லுன்னா நிப்பான். அதுல இன்னா கீது?" என்பார் பாய்.

எனக்குப் பதினொரு வயது ஆனபோது அப்பா தன் மடிப்புக் கேமராவை என் கையில் கொடுத்தார்.

"இனிமே நீ எடு தம்பி. நான் பக்கத்துல நிக்கிறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச காலமாக அவர் எடுத்த படங்களில் நாயும் ஆடும் புகைபோல விழுந்துகொண்டிருந்தன. என் சாமர்த்தியத்தைத்தான் கண்டுகொண்டார் என்று நினைத்தேன்.

கடற்கரைக்கு ஒரு ஜட்கா வண்டிக்காரர் ஞாயிறு காலையில் குதிரையைக் குளிப்பாட்ட ஓட்டி வருவார். குளித்து முடிந்ததும் அவிழ்த்துவிட்டால், அது ஈர மணலில் தன் இஷ்டத்துக்கு ஓர் ஓட்டம் ஓடும். முதல் நாள் நான் கேமராவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, குதிரை எதிரே வந்ததும் விசையை அழுத்தினேன். கழுவிப் பார்த்தால் படத்தின் ஓரத்தில் ஒரு வால் இருந்தது. மற்றதெல்லாம் கடல்.

"இன்னா நைனா, குதிர மவுண்ட் ரோடு போயி சேந்துடுச்சி, நீ இன்னும் சாந்தோம்லயே நின்னுகினு கீற?" என்றார் பாய்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. "ஆணி அடிச்சாப்ல நிக்கப்படாதுடா. குதிரையோட நீயும் திரும்பணும். காலை நகத்தாதே, இடுப்பைத் திருப்பு. அமுக்கினப்புறமும் திரும்பிண்டே இரு" என்று சொல்லிவிட்டு, தானே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிக் காட்டினார். அவர் முழங்கை போன வேகத்தில் பாய், "அய்யரே, கண்ணாடி!" என்று கத்த வேண்டியதாயிற்று.

அந்த வாரம் முழுக்கக் கச்சேரி ரோட்டில் பிலிம் இல்லாத கேமராவோடு நின்று, போகிற சைக்கிளுக்கும் வருகிற எருமைக்கும் இடுப்பைத் திருப்பினேன். பார்த்தவர்கள் எனக்கு ஏதோ வாயுப் பிடிப்பு என்று நினைத்திருக்கலாம். பலன் இல்லாமல் போகவில்லை. அடுத்த படத்தில் குதிரை விழுந்தது, தலைதான் இல்லை. அதற்கடுத்ததில் தலை இருந்தது, கடல் சாய்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் வசவு வாங்கினேன்.

இதற்கிடையில் அந்தக் கூட்டத்தில் ஒரு புது வழக்கம் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் படத்தைப் பார்த்ததும் நேரே குறைக்குப் போவார்கள். இப்போது குமாஸ்தா படத்தைக் கையில் எடுத்து, வழக்குக் கட்டை வாசிப்பதுபோல, "இடது பக்கம் கட்டுமரம். நடுவிலே குதிரை. பின்னாடி ரெண்டு பேர் வலை இழுக்கறா" என்று ஒப்பிப்பார். எல்லார் கண்ணுக்கும் தெரிவதை எதற்கு வாயால் வேறு சொல்ல வேண்டும்? எனக்கு அலுப்பாக இருக்கும். வீட்டிலும் அப்பா விடமாட்டார். "இதுல என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்பார். வாத்தியார் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் பரீட்சைதான் என்று முணுமுணுப்பேன். ஒரு தடவை சலிப்பில் இல்லாத காக்காய் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். அடுத்த நாள் அதே படத்தை அம்மாவையும் சொல்லச் சொல்லி அவர் கண்டுபிடித்துவிட்டார். "உள்ளதை மட்டும் சொல்லு தம்பி. இல்லாததைச் சொன்னா எனக்குப் பிரயோசனம் இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. சுருளில் ஒரே ஒரு படம் பாக்கி. இன்னொரு சுருள் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அந்த வாரம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு எழும்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கேமரா என் கையில் இருந்ததால் நானும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை குதிரை குளித்துவிட்டு ஓடாமல் நின்றது. நான் விரட்டப் போனேன். "தொரத்துனா ஓடாது நைனா. அதுக்கா தோணணும். இரு" என்றார் வண்டிக்காரர். தோன்றியது. உடம்பை உதறிக்கொண்டு கிளம்பியது. நானும் இடுப்பைத் திருப்பினேன், அழுத்தினேன், அழுத்திய பிறகும் திரும்பி மணலில் விழுந்தேன்.

"குளம்புச் சத்தம் ஒரு இடத்துல விட்டுவிட்டுக் கேட்டுச்சே, அந்த இடைவெளியில அமுக்கினியா?" என்று கேட்டார் அப்பா. ஆமாம் என்று நினைத்தேன், ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு படம் மேசைக்கு வந்தது. குதிரை முழுசாக விழுந்திருந்தது. பிடரி மயிர் எழுந்து நின்றது. பின்னால் கடல் கோடு கோடாக ஓடியது. குமாஸ்தா வழக்கம்போல ஆரம்பித்தார்: "இடது பக்கம் அலை. நடுவிலே குதிரை, தலையிலேர்ந்து வால் வரைக்கும்..." அங்கே நிறுத்திப் பாயைப் பார்த்தார்.

"நாலு காலும் மேல கீது வாத்தியாரே!" என்றார் பாய். "ஒரு காலு கூட தரையில இல்ல!"

"ஆமாம், நாலும்" என்றார் குமாஸ்தா.

அப்பா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். பின்னங்கால் ஒன்றின் குளம்பு நுனி மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதைவிடச் சின்னக் குறைக்கெல்லாம் என்னை வறுத்தெடுத்தவர்கள் இவர்கள்.

"இல்லப்பா. பின்னங்கால் ஒண்ணு தரையில இருக்கு."

"சும்மா இரு நைனா" என்றார் பாய், பல்லைக் கடித்துக்கொண்டு. குமாஸ்தா எழுந்து வாசல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்து நின்றார். எனக்கு ரோஷமாக இருந்தது.

அப்பா மட்டும் சிரித்தார். "எந்தக் கால்? எங்க, காட்டு" என்று படத்தைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். "இங்கயா?"

"அது அலைப்பா."

விரல் நகர்ந்தது. "இங்க?"

"அது வானம்."

வேண்டுமென்றே தப்பாக வைத்து என்னைச் சோதிக்கிறார். நானா விடுவேன்? அவர் விரலைப் பிடித்து, அந்தக் குளம்பின் நுனியில் கொண்டுபோய் வைத்தேன்.

"தொட்டும் தொடாமலும் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. மயிரிழைதான்."

"நல்லா ஓடியிருக்கு" என்றார். விரலை எடுக்கவில்லை.

பரீட்சையில் தேறிவிட்ட பெருமையோடு நிமிர்ந்தேன். ஏற்கெனவே துடைத்து அடுக்கியிருந்த கண்ணாடி ஒன்றை எடுத்து, பாய் எதற்காக மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.