முள்வேலியில் படர்ந்த பூசணி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். அவள் நல்லவள்தான். அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. கெட்டவள்மேல் பொறாமைப்பட்டால் அதற்குக் கோபம் என்று பேர் வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம். நல்லவள்மேல் பட்டால் என்ன சொல்லித் தப்பிப்பது?

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அவள். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்தபோது, காட்டுக்குள் இருந்து அவனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, எங்கள் ரப்பர் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கொண்டுவந்து கட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி, கேட்டில் ஸ்பெஷல் போலீஸ். பால்மரம் வெட்டப் போகும்போது ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வீடு ஒதுக்கியபோது அவளுக்குக் கடைசி வீடு விழுந்தது. பக்கவாட்டில் வேலிவரைக்கும் நல்ல கறுப்பு மண். எனக்கு அதற்கு அடுத்த வீடு. பின்னால் சாக்கடை, சாக்கடையைத் தாண்டினால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். கொடுத்துவைத்தவள் யார் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

மாசியில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிடும். பால் குறைவதால் வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். லயமே அப்போதுதான் மண்வெட்டியைக் கையில் எடுக்கும். உரத்துக்காக நாங்கள் சருகை வாரிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவோம். கேட்டில் நிற்பவன் அதையும் விடாமல் கம்பியால் குத்திக் குத்திப் பார்ப்பான். “நல்லா குத்துய்யா, பாம்பு இருந்தாலும் வெளிய வரும்” என்று ஒருநாள் நான் சொன்னேன். அதற்குப் பிறகு என் சாக்கை மட்டும் அவன் தொடவில்லை.

பாத்தி கட்டினால் மட்டும் போதாது. எங்கள் லயத்தில் விதையை யார் வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. கைராசி உள்ளவள் போட வேண்டும். என் ஓரகத்திக்கு நாலு பிள்ளைகள். என் வயிற்றில் அதுவரை ஒன்றும் தங்கவில்லை. அப்புறம் யார் கை ராசியான கை என்று கேட்கவா வேண்டும்? சித்திரையில் முதல் மழை விழுந்ததும் வெற்றிலை பாக்கு வைத்து அவளை வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். என் பாத்தியில் நானே போட்டுக்கொள்வது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். என் வீட்டுக்காரர் இருக்கவிட்டால்தானே!

“அண்ணி, நம்ம பாத்தியிலயும் ரெண்டு அவரை வெத போட்டுட்டுப் போங்களேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “தங்கச்சியே போடட்டும்லா தம்பி.”

“அவ போட்டா வெளங்காது அண்ணி.”

கோபத்தில் சொல்லவில்லை மனுஷன். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அவர் என்னை அடித்திருந்தால்கூட இத்தனை காலம் ஞாபகம் வைத்திருக்கமாட்டேன். அவள் போட்ட அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஆக்கிப் போட்டேன். “அண்ணி கை கைதான்” என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். நான் அதில் ஒரு காயைக்கூட வாயில் வைக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு வெறி. என் கையால் ஒரே ஒரு செடி காய்க்க வேண்டும், இவளுக்கும் கைராசி உண்டு என்று இந்த லயத்து வாயால் நான் கேட்க வேண்டும். புருஷன், சாமி, சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வெண்டை போட்டேன், எறும்பு தூக்கிக்கொண்டு போனது. கீரை தூவினேன், கோழி கிளறியது. மிளகாய் நட்டேன், இலை சுருண்டு நின்றது. குழாயடியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஓரகத்தி சிரிக்கமாட்டாள். ஐயோ பாவம் என்று பார்ப்பாள். அதற்குச் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

ஐப்பசி மழைக்கு அவள் பூசணி போட்டாள். கொடி ஓட ஆரம்பித்ததும் பந்தலுக்குக் கம்பு தேடாமல், எடுத்து முள்வேலிமேல் ஏற்றிவிட்டாள்.

“அரசாங்கமே போட்டுக் குடுத்த பந்தலு, சும்மாதானே நிக்கிது” என்று சிரித்தாள்.

அதைப் பார்த்து வேலியோரத்து வீட்டுக்காரிகள் எல்லோரும் பாகல், புடலை என்று ஏற்றிவிட்டார்கள். முள்கம்பி தெரியாமல் பச்சையும் மஞ்சள் பூவுமாகிவிட்டது வேலி. கேட்டுப் போலீஸ்காரன்கூட வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான். எனக்குத்தான் வேலியே இல்லையே, எதில் ஏற்றுவது? அவள் பூசணி, கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, வேலிக்கு வெளியே புல்லில் ஒரு காயைப் போட்டது. நாளுக்கு நாள் அது பருத்தது. அதைப் பார்க்கப் பார்க்க என் வயிறு எரிந்தது.

கொஞ்ச நாளில், எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து, வேலிமேல் கொடி இருக்கக் கூடாது, வெளியே தின்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது, மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காட்டோரம் மரவள்ளி வைத்திருந்த ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இன்னும் ஆள் திரும்பவில்லை என்றும் சொன்னார். எல்லோரும் கொடியை அறுத்தார்கள். அவள் மட்டும், “காய் முத்துற வரைக்கும் பொறுத்துக்குங்க அண்ணே” என்றாள். அவள் வீட்டு அவரைக்காய் தின்றவர், “சரி, சீக்கிரம்” என்று போய்விட்டார். நான் கேட்டிருந்தால் பொறுத்திருப்பாரா?

பிற்பகலில் நான், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் பாத்திரம் கழுவப் போவேன். மார்கழியில் ஒருநாள், கிராணி சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. சாயங்காலம் துரையும் பட்டாளத்து அதிகாரியும் வேலியைச் சுற்றி வருகிறார்கள். எந்த வீட்டையொட்டி வேலிக்கு வெளியே தின்கிற பொருள் கிடக்கிறதோ, அந்த வீட்டு ஆம்பளை லாரியில் ஏற வேண்டியதுதான்.

கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். அவள் பிள்ளைகளைக் குளிப்பாட்டக் குழாயடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே தங்கச்சி” என்றாள். “அந்தக் காய நீ பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா? மண்டோரே சரின்னுட்டாரு லா.”

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். அவள் புருஷன் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலையாக இருந்தார், என் வீட்டுக்காரரும் அங்கேதான். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கொடியின் அடியிலேயே ஒரு போடு போட்டேன். கம்பியில் சுற்றியிருந்ததைப் பிய்த்து எறிந்தேன். வேலிக்கு அடியில் கையை விட்டு, முள் கிழிக்கக் கிழிக்கக் காயை உருட்டி உள்ளே இழுத்தேன். அண்ணன் வீடு தப்பட்டும் என்றுதான் வெட்டினேன். வெட்டும்போது மனசு குளிர்ந்ததும் நிஜம். இரண்டும் நிஜம், யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

பெண்கள் கூடிவிட்டார்கள். “பாவி, நல்லா இருக்கிறது ஒன்னுமே ஒன் கண்ணுக்கு ஆகாதா?” “கரிஞ்சு போன கை, அது தொட்டா வெளங்குமா?” என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓரகத்தி திரும்பி வந்து கொடியைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அண்ணனிடம், “சொன்னேன்ல, இவ கை அப்படி” என்றார்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். வேலிக்கு வெளியே நடந்து வந்த அதிகாரி, கம்பியில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்து நின்றான். உள்ளே குவிந்து கிடந்த கொடியைப் பார்த்தான். துரை என்னவோ சொன்னார், நகர்ந்துவிட்டார்கள். பின் லயத்தில் ஒரு வீட்டையொட்டி வேலிக்கு வெளியே, பிடுங்காமல் விட்ட மரவள்ளி இரண்டு குத்து இருந்தது. அந்த வீட்டுக்காரனை லாரியில் ஏற்றினார்கள். அவன் மனைவி லாரிக்குப் பின்னாலேயே கேட்டுவரைக்கும் ஓடினாள். என் ஓரகத்தி தன் புருஷனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் குழாயடியில் எல்லோரும் இருக்கும்போது வந்தாள். அந்த அரைகுறைக் காயையே கறி செய்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். முள் கிழித்த என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

“பாத்துக்குங்கடி. என் தாலிய காப்பாத்துன கை இது. கைராசின்னா இதுதான். இனிமே இவள யாராச்சும் ஒரு சொல்லு சொன்னீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்.”

நான் ஏங்கிக் கிடந்த சொல். அதையும் அவள் வாயால், அவள் கொடுத்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “என்ன மனசுடி இவளுக்கு!” என்றார்கள். என்னை இல்லை, அவளை. கறி நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப் போனது.

அடுத்த சித்திரை மழைக்கு வெற்றிலை பாக்கோடு என் வாசலில் வந்து நின்றாள். தன் மண்ணில் நான்தான் விதை போட வேண்டுமாம். போட்டேன். பூசணி, அவரை, வெண்டை, போட்டதில் ஒன்றுகூடப் பழுதில்லாமல் முளைத்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாத்தியோரம் நின்றேன், லயம் பார்க்கட்டும் என்று.

“அண்ணி மண்ணு அப்படி” என்றார் என் வீட்டுக்காரர். “அதுல யாரு போட்டாலும் மொளைக்கும்லா.”

லயம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. இல்லை, தங்கச்சி கைதான் என்று ஓரகத்தி ஒருத்திதான் எல்லோரிடமும் சண்டை போட்டாள். அதற்கும் அவளைத்தான் மெச்சினார்கள்.