அனுப்புநர் இடத்தில் அவர் பெயர்

எண்பதுகளின் கடைசியில், விழுப்புரத்தில் பம்புசெட் விற்கும் ஒரு கம்பெனியின் கிளை ஆபீசில் நான் டைப்பிஸ்ட். மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மோட்டார் வாங்கிய விவசாயிக்குச் சர்வீஸ் நாள் நெருங்கினால் அதுவே கார்டு அச்சடித்துவிடும். யாரும் எழுத வேண்டாம், கையெழுத்துகூட வேண்டாம்.

முதலில் அனுப்புநர் இடத்தில் கம்பெனி பெயர்தான் இருந்தது. அச்சடித்த கார்டைக் கண்டதும் ஜனங்கள் ஜப்தி நோட்டீஸ் என்று பயந்து கூரையில் செருகிவிட்டார்கள். ஈ காக்கை வரவில்லை. "தெரிஞ்ச மனுசன் பேரு இருந்தாத்தான் வருவாங்க" என்றார் மேனேஜர். மெட்ராசுக்குச் சொல்லி, எங்கள் திண்டிவனம் மெக்கானிக்கின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போடவைத்தார். வானூர் வரைக்கும் கிணறு கிணறாக இறங்கி ஏறியவர் அந்த அண்ணன். கார்டு கிடைத்த கையோடு ஆட்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"நான் எழுதாத கடுதாசிக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கினு இருக்கேன் பாரு" என்று சிரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில், மல்லாட்டை பயிரிட்ட கொல்லையில் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட்டவர், ஷாக் அடித்துத் தொட்ட இடத்திலேயே போய்விட்டார்.

கம்ப்யூட்டருக்கு யார் போய்ச் சொல்வது? கார்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஊர்வாரியாகப் பிரிக்க என் மேசைக்குத்தான் கட்டு வரும். எல்லாவற்றிலும் அவர் பெயர், மை காயாத மாதிரி. கட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பிரிப்பேன். அப்போதும் முதுகுப் பக்கம் யாரோ நின்று பார்ப்பது போலிருக்கும்.

காரியம் முடிந்து சில வாரத்தில் அவருடைய மனைவி பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"பாப்பா, கார்டை எடுத்துக்கினு வர்றாங்க. 'அண்ணன் இருக்காரா'ன்னு கேக்குறாங்க. இல்லீங்கன்னா, 'பரவால்ல, வர்ற வரைக்கும் குந்தியிருக்கேன்'னு குந்திக்கிறாங்க. அப்புறம் நான் மொதல்லேருந்து சொல்லணும். ஒவ்வொரு வாட்டியும் நானே அவரைச் சாவடிக்கிற மாதிரி இருக்குது. அந்தப் பேரை எடுத்துடு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அன்றே மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டேன். கம்ப்யூட்டர் பார்க்கிறவர், "எடுக்கலாம்மா. ஆனா காலியா வுட்டா மெஷின் ஓடாது. வேற பேரு குடு" என்றார். கம்பெனி பெயர் என்றால் மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். புதிதாகச் சேர்ந்திருந்த மெக்கானிக்கைக் கேட்டேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஆளை வுடும்மா. செத்தவரு எடத்துல எம் பேரா? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. மோட்டாரு வேணா எவ்ளோ வேணும்னாலும் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"எம் பேரைப் போடு" என்றார்.

"மோட்டாரு ரிப்பேருன்னு வருவாங்களேக்கா?"

"வரட்டும். புது ஆளு வூடு ரெண்டு தெரு தள்ளித்தானே, கை காட்டி வுடுறேன். எம் பேரைப் பாத்து வர்றவங்க என்னைத்தானே கேப்பாங்க?"

மேனேஜர் முதலில் "பொம்பளை பேருலயா?" என்று இழுத்தார். அப்புறம், அவருக்கும் வேறு வழியில்லை. அடுத்த கட்டு அக்கா பெயரில் வந்தது. அதை நிமிர்த்தி வைத்தே பிரித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அக்கா டீ போட்டுக் கொடுத்தார்.

"காலையில ஒருத்தரு வந்தாரு பாப்பா. 'இது நீங்கதானாம்மா'ன்னு கார்டைக் காட்டுனாரு. நான்தான்னேன். மெக்கானிக்கு வூட்டைக் காட்டுனேன். போய்ட்டாரு."

"நல்லதாப் போச்சுக்கா."

"நல்லதுதான். போன வாரம் வந்தவங்களும் அப்பிடித்தான். ஒருத்தரும் கேக்கல."

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"நீயாவது கேளேன்."

"என்னக்கா கேக்கணும்?"

"அண்ணன் இருக்காரான்னு."

கேட்டேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னை அன்றுதான் பார்க்கிறவர் போல, அக்கா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.