டிரைவ்-இன் தியேட்டருக்கு வந்தவர்களும் வராதவர்களும்

டிரைவ்-இன் தியேட்டர் நடத்த பெரிய திரை வேண்டும், பெரிய மைதானம் வேண்டும், கார் வைத்திருக்கும் ஜனங்கள் வேண்டும். எங்களிடம் முதல் இரண்டும் இருந்தன.

கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பொதுமக்களிடம் பேச்சு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நீடாமங்கலத்துக்கு வெளியே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த இடத்தில் எங்கள் முதலாளி சலீம் பாய் அந்தத் தியேட்டரைக் கட்டினார். துபாயில் இருந்தபோது அங்கே ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டாராம். தார் போட்ட மைதானம், நூறு கார் நிற்கலாம், காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாம். நான் மேனேஜர். டிக்கெட் கொடுப்பதும் நான்தான், காரை வரிசையில் நிறுத்துவதும் நான்தான்.

ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளும் முப்பது காரைத் தாண்டவில்லை. போன தீபாவளிக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஜெயந்திம்மா, மாசி முடியிறதுக்குள்ள ஒரே ஒரு நாள் இந்த மைதானம் நிறைஞ்சு நான் பாக்கணும். இல்லன்னா மூடிடலாம்" என்றார். என் வேலை, வாட்ச்மேன் வேலை, கேன்டீன் அக்கா வேலை எல்லாம் அந்த ஒரே நாளில் போய் மாட்டிக்கொண்டன.

இருபது பேர்

தொடங்கிய புதிதில் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் டிராக்டரில் வந்து இறங்கியது. பின்னால் டிரெய்லர். அதில் வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, கைக்குழந்தை முதல் மாமியார் வரை இருபது பேர். தூக்குவாளியில் புளிச்சோறு வேறு. இது கார்களுக்கான தியேட்டர், டிரெய்லர் நின்றால் பின்வரிசைக்குத் திரை மறைக்கும் என்று நான் தன்மையாகத்தான் சொன்னேன். பின்வரிசையில் அன்று ஒரு வண்டியும் இல்லை என்பது வேறு விஷயம். சட்டம் என்றால் சட்டம்தானே?

டிராக்டர் ஓட்டி வந்தவர் இன்ஜினைக்கூட நிறுத்தவில்லை. மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கார்ல வந்தா நாலு பேரு. டிராக்டர்ல வந்தா இருவது பேரு. உங்களுக்குக் கூட்டம் வேணுமா, கார் வேணுமான்னு மொதல்ல உங்க முதலாளிகிட்ட கேட்டுட்டு வாங்க."

மடக்கு நாற்காலி

எங்கள் தியேட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. படத்தின் ஒலி எஃப்.எம்.மில் வரும், காரில் இருக்கும் ரேடியோவில் வைத்துக் கேட்கலாம். இந்த ரகசியம் ஊருக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே வாய்க்கால் கரை மேடாக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் திரை முழுசாகத் தெரியும். ஆளாளுக்குச் செல்போனில் எஃப்.எம்.மைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே பன்னிரண்டு கார், வெளியே அறுபது பேர். ஒருவர் தினமும் மடக்கு நாற்காலியோடு வருவார். பஞ்சாயத்தில் போய்ச் சொன்னேன். வாய்க்கால் கரை பொது இடம், உட்காராதே என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் இடைவேளையில் அந்த மடக்கு நாற்காலிக்காரர் நேராக என் கவுண்டருக்கே வந்தார். மனசாட்சி உறுத்தி டிக்கெட் வாங்க வருகிறார் போலும் என்று நினைத்தேன். "என்னா மேடம், ரெண்டு நாளா சத்தம் கொரகொரன்னு வருது. நாங்க டெய்லி வர்றவங்க, எங்களையே இப்படிப் பண்ணலாமா?"

பூச்சிகள் பார்த்த படம்

பக்கத்து வயல் கலியமூர்த்தி என்பவருடையது. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். எங்கள் திரை வெளிச்சத்துக்கு, நெற்குருத்தைத் துளைக்கிற அந்துப்பூச்சி வந்து மொய்க்கிறதாம். படம் முடிந்து விளக்கை அணைத்ததும் அத்தனையும் அவர் பயிரில் போய் இறங்குகிறதாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பூச்சி வருகிறது என்று இருட்டில் படம் காட்டவா? நானும் விடவில்லை. படமே ஓடவில்லை, ஆளே வரவில்லை, இதில் நீங்கள் வேறா என்று கேட்டுவிட்டேன்.

அவர் வாடிப்போன ஒரு குருத்தைப் பிடுங்கிக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். அதைக் கவுண்டர் பலகையில் வைத்தார். "உங்க படம் ஓடலன்னு யாரு சொன்னா? இந்தத் தாலுகா பூச்சி மொத்தமும் வந்து பாத்துட்டு, எங்க வயல்ல சாப்பிட்டுட்டுப் போவுது."

எல்லாரும் பார்த்த படம்

மைதானம் நிறைய வேண்டுமென்றால் புதுப்படம் வேண்டும். விநியோகஸ்தர் ஆபீசுக்கு நான் போட்ட போனுக்குக் கணக்கே இல்லை. உங்களுக்கு இருட்டினால் ஒரே ஒரு காட்சி, அதுவும் மழை பெய்தால் இல்லை, உங்களுக்கு எதற்கு முதல் வாரப் படம் என்பார்கள். வீட்டில் டி.வி.யில் வந்து, செல்போனில் வந்து, பஸ்ஸில்கூடப் போட்டு முடித்த பிறகு எங்களுக்குத் தருவார்கள். அப்புறம் ஏன் கூட்டம் வரவில்லை என்று அவர்களே கேட்பார்கள். வயிறு எரியுமா எரியாதா?

அங்கிருந்த ஒரு தம்பி எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஏன் மேடம் கவலைப்படுறீங்க? எல்லாரும் ஏற்கெனவே பாத்த படம்னா, பிடிக்கலன்னு யாரும் உங்ககிட்ட சண்டைக்கு வரமாட்டாங்க."

நாலு மணிக்கு அள்ளிடுறோம்

ஆனாலும் வாங்கினேன். நேரில் போய் உட்கார்ந்து, மாசியின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புதுப்படத்தை வாங்கிவிட்டேன். மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் கார் ஸ்டாண்டு, துணிக்கடை, கல்யாண மண்டபம் ஒன்று விடாமல் நோட்டீஸ் கொடுத்தேன். நூறு காருக்கும் முன்பதிவு முடிந்தது. முதலாளி அன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

அந்த வாரம் நடுவில் மழை பெய்தது. அறுத்த நெல் நனைந்து, ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. ஞாயிறு காலை கேட்டில் கலியமூர்த்தி நிற்கிறார். குருத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்த அதே கலியமூர்த்தி. "நல்ல வெயிலு மேடம். இந்தத் தார்த் தரையில ஒரு பகல் காஞ்சாப் போதும். நாலு மணிக்கு அள்ளிடுறோம்." முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நனைந்த நெல்லோடு வந்து நிற்பவரிடம் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. கேட்டைத் திறந்துவிட்டேன். அவர் யார் யாருக்குப் போன் போட்டாரோ, பதினொரு மணிக்குள் நாலு ஊர் நெல் வந்து இறங்கியது. திரையடியிலிருந்து கேன்டீன் வாசல் வரை நெல்.

நாலு மணிக்கு அள்ளினார்களா? சாக்கு பத்தவில்லை, ஆள் வரவில்லை, லோடு வண்டி வழியில் பஞ்சர். தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். ஆறு மணிக்குக் கார்கள் வந்துவிட்டன. கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை வரிசை. அந்த வரிசைக்காகத்தான் ஒன்றரை வருஷம் காத்திருந்தேன், அழுகையாக வந்தது. எது ஆனாலும் ஆகட்டும் என்று முதல் காரை நானே கைகாட்டி உள்ளே கூப்பிட்டேன்.

நெல்லுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் தஞ்சாவூரில் துணிக்கடை வைத்திருப்பவர். இறங்கினார், செருப்பைக் கழற்றினார், ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். அதற்குள் கிழக்கே இடி இடித்தது. "நல்லாக் காஞ்சிருக்குங்க. இதுமேல டயரை ஏத்தச் சொல்றீங்களா?" என்று என்னையே அதட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னால் நின்ற கார்களிலிருந்தும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். படம் பார்க்க வந்த கூட்டம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியது. மூடி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது.

கேன்டீன் கூரைக்கு அடியில் முதலாளி புதுச்சட்டையோடு நின்றார். நூறு காரும் வந்தன, நானே எண்ணினேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தார்ப்பாய்களைப் பார்த்தபடியே சொன்னார்: "மைதானம் நிறையணும்னுதானே கேட்டேன். நிறைஞ்சிடுச்சும்மா."

ஒரு வார்த்தை

பங்குனி பிறந்ததும் முதலாளி மைதானத்தை நெல் காயப்போட ஒரு வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். திரையை இறக்குவதா, அடுத்த வருஷம் பார்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. வாட்ச்மேனும் கேன்டீன் அக்காவும் போய்விட்டார்கள். நான் மட்டும் அதே கவுண்டரில் உட்கார்ந்து நெல் வண்டிக்குச் சீட்டு எழுதுகிறேன். வருவதெல்லாம் டிராக்டர், ஒன்றையும் தடுக்க முடியாது.

போன வாரம் மடக்கு நாற்காலிக்காரர் வந்தார், கையில் அதே நாற்காலி. முகம் சிவந்திருந்தது. "நீங்க பாட்டுக்கு மூடிட்டா நாங்க எங்க போயிப் படம் பாக்குறது? டெய்லி வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

தியேட்டரை மூடக்கூடாது என்று இந்த ஊரில் கோபப்பட்ட ஒரே ரசிகர் அவர்தான், ஒருநாள்கூட டிக்கெட் வாங்காதவர்.