இடது பக்கத்து முகடு

என் வீட்டுக்காரர் சர்வேயர். அலுவலகத்தில் அவருக்குக் 'கோடு' என்று பட்டப்பெயர். போட்ட கோட்டை அழிக்கவே மாட்டார். வீட்டிலும் அப்படித்தான், குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டால், மூட்டை உப்பைக் கொட்டினாலும் இல்லைதான்.

அவரை அதட்டக்கூடிய ஒரே ஆள் அவருடைய அக்கா. தலை நரைத்த பிறகும் "டேய் குட்டி"தான். ஒருமுறை அலுவலகத்துக்கே வந்து, பியூன் முன்னால் அப்படிக் கூப்பிட்டு மானத்தை வாங்கிவிட்டார். நான் ஒரு வாரம் சிரித்தேன்.

இந்த மலைத்தொடரைச் சரணாலயம் ஆக்கியபோது எல்லை அளந்தது இவர்தான். உச்சியில் வருஷம் முழுக்கப் பனி, அதற்குக் கீழே புல்வெளி, அப்புறம் காடு. மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுகிற பெரிய முகட்டின் மேலேயே எல்லை போக வேண்டும் என்பது ஆணை. புல்வெளி முடிகிற இடத்தில் முகடு இரண்டாகக் கிளை பிரிகிறது. அன்றைக்கு நீட்டிய கை தெரியாத மூடுபனி. வலது கிளையில் இறங்க வேண்டியவர் இடது கிளையில் இறங்கிவிட்டார். நடுவிலிருந்த பள்ளத்தாக்கு பதினெட்டு வீடுகளோடு சரணாலயத்துக்குள் போய்விட்டது. அதில் ஒன்று அக்கா வீடு. ஆணையே அப்படித்தான் போல என்று இவர் நினைத்துக்கொண்டார். அங்கிருந்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து வருஷம் கழித்து, வானத்திலிருந்து எடுத்த படம் வந்தது. அன்று சாயங்காலம் டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தப்பான முகட்டைப் பிடிச்சுட்டேன்."

"திருத்தம் இருந்தா ஒரு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எழுதிடுங்களேன்."

"யாரையும் காலி பண்ணச் சொல்லலையே. சும்மா கிடக்கறதை எதுக்குக் கிளறணும்? நாலு பேர் சிரிக்கவா?"

நானும் விட்டுவிட்டேன். என் வாய்க்குத் தெருவே பயப்படும். அன்றைக்கு மட்டும் அதற்கு என்ன கேடு வந்ததோ!

அதற்கப்புறம் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம் உத்தரவு வந்தது: சரணாலயத்துக்குள் இருப்பவர்கள் மழைக்கு முன்னால் கீழே இறங்கிவிட வேண்டும். பள்ளிக்கூட ஹாலில் விசாரணை வைத்தார்கள். இவர் பழைய அளவைப் புத்தகத்தோடு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"உள்ள உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க அக்கா."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான். இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பதினோரு வருஷம் ஆச்சு."

"அப்பவே எழுதியிருந்தா அந்த மாசமே மாத்தியிருக்கலாம். இப்ப திரும்ப அளக்கணும், மேலிடம் ஒத்துக்கணும். ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கோடுதான்."

முன்வரிசையில் இருந்த அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

காலி செய்ய ஒப்புதல் வாங்கும் தாள்கள் இவர் மேஜையில்தான் இருந்தன. அளந்தவர்தானே வீட்டுக்கு வீடு நம்பர் பார்த்துக் கொடுக்க வேண்டும்! ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா முறை வந்தது. இவர் "அக்கா..." என்று ஆரம்பித்தார்.

அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"கையெழுத்து எங்க போடணும், சார்?"

இவர் இடத்தைக் காட்டினார்.