அப்பா சிரித்த சினிமா

இருபது வருடங்களுக்கு முன்பு, வடக்கனந்தலில் எங்கள் நிலத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு டிவியில் ஒரு நகைச்சுவைப் படம் ஓடியது. காதலியின் வீட்டுக்கு முதல்முறையாகப் போகும் ஒருவன் அவளுடைய முரட்டு அப்பாவிடம் மாட்டிக்கொண்டு படும் பாடுதான் கதை. மாடு குளிப்பாட்டச் சொல்வார், விறகு பிளக்கச் சொல்வார். அவன் எல்லாவற்றையும் சொதப்புவான். கடைசியில் பெண்ணைக் கொடுத்துவிடுவார்.

என் அப்பா அதிகம் சிரிக்காதவர். அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்தப் பையனுக்கு இன்னாய்யா கொறச்சல்? பொண்ணக் குடுத்துட்டுப் போவியா, சும்மா சோதிச்சிக்கினு!" என்று டிவியிடமே சொன்னார்.

"நீங்க மட்டும் இன்னா கம்மியா? அந்த ஆளு மீசையே உங்க மீசதான்" என்றாள் அம்மா. அதற்கும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. கூட வேலை பார்த்த ஒருவரை எனக்குப் பிடித்திருந்தது. மலையடிவாரத்து ஊரொன்றின் காலனியைச் சேர்ந்தவர். அவர்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவை நேரில் வந்து பாருங்கள், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர் தயங்கினார். படத்தின் கதையையும் அப்பா சொன்னதையும் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

அடுத்த ஞாயிறு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். களத்தில் கிழங்கு மூட்டைகள் கிடந்தன. ஜவ்வரிசி ஆலைக்குப் போக டிராக்டர் நின்றிருந்தது. "வாங்க தம்பி" என்று அப்பா நாற்காலி போடச் சொன்னார். ஊர் கேட்டார். தெரு கேட்டார். வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

"எங்கம்மா உங்க கொல்லைக்குத்தாங்க கெழங்கு புடுங்க வராங்க" என்றார் அவர், குரல் தாழாமல். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

அப்பா கோபப்படவில்லை. "அப்பிடியா! அப்ப நம்மாளுதான்" என்றார். "இன்னிக்கு ஒரு ஆளு வரல. அந்த மூட்டைங்கள டிராக்டர்ல ஏத்துப்பா."

அவர் என்னைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற எனக்கு மாடு குளிப்பாட்டும் காட்சிதான் நினைவுக்கு வந்தது. தலையசைத்தேன்.

பதினோரு மூட்டை. வெள்ளைச் சட்டையின் தோள்பட்டை செம்மண்ணும் வியர்வையுமாகச் சேறானது. டிராக்டர்காரர் கைகொடுக்க இறங்கினார். "நீ இருய்யா, அவனே ஏத்துவான்" என்றார் அப்பா.

ஏற்றி முடித்துத் திரும்பியபோது நாற்காலி இல்லை. அம்மா எப்போதோ உள்ளே எடுத்துப் போயிருந்தாள். அப்பா களத்தின் ஓரத்தைக் காட்டினார். "அங்க குந்து. டீ வரும்."

அவர் உட்காரவில்லை. "நான் மூட்ட தூக்க வரலீங்க."

"நீ எதுக்கு வந்தேன்னு தெரியும்பா. நாளையிலேர்ந்து உங்கம்மாவ வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடு." குரல் உயரவே இல்லை.

அவர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் படியைவிட்டு இறங்கவில்லை. மறுநாள் வேலையிடத்தில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "எங்கம்மாகிட்ட இன்னா காரணம்னு சொல்றது?" நான் அடுத்த ரத்தக் குழாயில் பெயர் எழுதினேன். ஒரு மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிறை அடுத்த வாரம் எங்கள் கொல்லைக்குக் கிழங்கு பிடுங்க வந்த பெண்களில் ஒருவர் குறைந்திருந்தார். யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை வருடங்களில் அவர்கள் முகங்களை நான் பார்த்ததே இல்லை.

அப்பா இப்போது இல்லை. அவர்மேல் கோபப்படுவது எனக்கு எப்போதும் சுலபமாகவே இருந்திருக்கிறது, ஆனால் முதல் மூட்டையைத் தூக்கும் முன் அந்த மனிதர் என்னைப் பார்த்தார் என்பதையும், நான் தலையசைத்தேன் என்பதையும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.